அமெரிக்க இயேசு சபைப் பல்கலைக்கழகங்களில் மாணவர் நலப் பணி: விண்ணப்பம் முதல் பணி ஆணை வரை முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இயேசு சபையினரின் மரபில் இயங்கும் பல்கலைக்கழகங்களில், மாணவர் நலப் பிரிவில் வேலை தேடுவோருக்காக இதை எழுதுகிறேன். தேர்வுக் குழுக்களில் அமர்ந்து விண்ணப்பங்களைப் படித்தபோதும், புதியவர்களின் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தபோதும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: திறமைக் குறைவால் விலக்கப்படுவோரைவிட, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததால் விலக்கப்படுவோரே அதிகம். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படிக்கும் முன்பே கடிதம் எழுதுகிறார்கள். விசா நிலையைத் தெளிவாக்கிக்கொள்ளாமலேயே இறுதி நேர்காணல்வரை போய்விடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்வது நல்லது.

1. எந்தப் பணி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மாணவர் நலம் என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோல் தோன்றும் பல அலுவலகங்கள் இருக்கின்றன. விடுதி வாழ்க்கை, மாணவர் மன்றங்கள், ஒழுங்கு நடவடிக்கை, புதுமுக மாணவர் அறிமுகம், பன்னாட்டு மாணவர் சேவை, வேலைவாய்ப்பு வழிகாட்டல், உளவளத் துணை, சமயப் பணி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு, வேலை நேரம் வேறு, ஆளெடுக்கும் காலம் வேறு. உளவளத் துணைக்கு மாநில உரிமமோ உரிமத்துக்கான தகுதியோ வேண்டும். சமயப் பணிக்கு இறையியல் படிப்பு கேட்பார்கள். மன்றங்களுக்கு நிகழ்ச்சி நடத்திய அனுபவமே முதலில் பார்க்கப்படும்.

முழுநேரப் பணிக்குள் நுழைய அதிகமானோர் பயன்படுத்தும் வாசல் விடுதி இயக்குநர் பதவி. விடுதியிலேயே தங்கி, மாணவ உதவியாளர் குழு ஒன்றை வழிநடத்தி, முறைவைத்து இரவுப் பொறுப்பையும் ஏற்கும் வேலை இது. இதிலிருந்து சிலர் விரைவில் களைத்து வெளியேறுவதால் காலியிடங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. தூக்கம் கலைவதைத் தாங்க முடியாதவர்கள் இதை வெறும் முதல் படியாக எண்ணி ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த எண்ணம் நேர்காணலிலேயே வெளிப்பட்டுவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சமயப் பணி அலுவலகம் சில பல்கலைக்கழகங்களில் மாணவர் நலப் பிரிவில் இருக்காது, நிறுவனத்தின் நோக்கத்தைப் பேணுவதற்கென உள்ள தனிப் பிரிவின் கீழ் இருக்கும். மாணவர் நலம் என்ற தலைப்பில் மட்டும் தேடினால் அந்த விளம்பரங்கள் உங்கள் கண்ணில் படாது.

2. தகுதியை நேர்மையாகச் சரிபாருங்கள்

உயர்கல்வி நிர்வாகம், மாணவர் மேம்பாடு, ஆலோசனை உளவியல் போன்ற துறைகளில் முதுகலைப் பட்டம் பல விளம்பரங்களில் கட்டாயமாகவோ விருப்பத் தகுதியாகவோ இருக்கும். கட்டாயம் என்று குறிப்பிட்டிருந்தால் அது இல்லாதவரின் விண்ணப்பம் தேர்வுக் குழுவின் கைக்கே வராமல் போகலாம், ஏனெனில் முதல் வடிகட்டலை மனிதவளத் துறையே செய்துவிடும். விருப்பத் தகுதி என்றிருந்தால் அனுபவத்தைக் காட்டி அந்த இடைவெளியை நிரப்ப முடியும்.

படித்துக்கொண்டிருப்பவர்கள் பட்டத்தைவிட உதவியாளர் பணிக்கே முன்னுரிமை தர வேண்டும். படிப்போடு சேர்த்து விடுதியிலோ மன்ற அலுவலகத்திலோ பெறும் பகுதிநேரப் பணியனுபவம்தான் பின்னர் நேர்காணலில் சொல்வதற்குச் செய்தி தருகிறது. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்போருக்குப் பருவ காலத்தில் வளாகப் பணி வாரத்துக்கு 20 மணி நேரம்தான். இரண்டு வளாகப் பணிகள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

3. விசா நிலையை விண்ணப்பத்துக்கு முன்பே தெளிவாக்குங்கள்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் வெளிநாட்டு மாணவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. படிப்பு முடிந்தபின் எஃப்-1 மாணவர்களுக்குக் கிடைக்கும் ஓபிடி என்னும் தற்காலிக வேலை அனுமதி 12 மாதங்கள். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு மாணவர் நலம் சார்ந்த பட்டங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே பணியில் சேர்ந்த ஓராண்டுக்குள் அடுத்த அனுமதி தேவைப்படும் என்பதை முதல் நாளிலிருந்தே கணக்கில் கொள்ள வேண்டும்.

உயர்கல்வி நிறுவனங்கள் எச்-1பி என்னும் வேலை விசாவின் ஆண்டு ஒதுக்கீட்டு வரம்புக்கு உட்பட்டவை அல்ல. குலுக்கலுக்குக் காத்திராமல் ஆண்டின் எந்த மாதத்திலும் அவை மனுச் செய்யலாம். ஆனால் அந்தப் பணி குறிப்பிட்ட துறையில் பட்டம் தேவைப்படும் சிறப்புப் பணி என்று நிறுவப்பட வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் போதும் என்று விளம்பரம் சொன்னால், மனு அங்கேயே பலவீனப்படுகிறது. இதன்மேல், 2025 செப்டம்பரில் வெளியான அதிபர் பிரகடனம், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்பவர்கள் இதை மனத்தில் வைத்தே தொடங்க வேண்டும்.

முதல் தொலைபேசி உரையாடல் முடியும் தறுவாயில், மனிதவளத் துறையிடம் நேராகக் கேளுங்கள்: இந்தப் பதவிக்கு நிறுவனம் விசா ஆதரவு தருமா? தேர்வுக் குழுத் தலைவரிடம் கேட்பதில் பயன் குறைவு. அவருக்கு உண்மையாகவே விடை தெரியாமல் இருக்கலாம், நல்லெண்ணத்தில் அவர் தரும் வாக்குறுதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

4. எங்கே, எப்போது தேடுவது

அமெரிக்காவில் இயேசு சபையின் உயர்கல்வி நிறுவனங்கள் 27. அவை ஒரு கூட்டமைப்பில் இணைந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் சட்டப்படி தனி நிறுவனம். ஓரிடத்தில் விண்ணப்பித்தால் மற்றவற்றுக்கும் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். கூட்டமைப்பின் தளம், மாணவர் நலப் பணியாளர்களுக்காக இயேசு சபை நிறுவனங்கள் நடத்தும் ஜாஸ்பா சங்கம், ஹையர்எட்ஜாப்ஸ் தளம், நாஸ்பா, ஏசிபிஏ போன்ற தேசியச் சங்கங்கள் ஆகியவற்றைப் பார்த்தபின், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணிப் பக்கத்தையும் தனியே பாருங்கள். எல்லா விளம்பரமும் பொதுத் தளங்களுக்கு வருவதில்லை.

பெயர்க் குழப்பம் இங்கே அடிக்கடி நேர்கிறது. லயோலா என்ற பெயர் சிகாகோ, மேரிலாந்து, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் லாஸ் ஏஞ்சலஸின் லயோலா மேரிமவுண்டுக்கும் உண்டு. சின்சினாட்டியில் உள்ள சேவியர் இயேசு சபையைச் சார்ந்தது. நியூ ஆர்லியன்ஸில் உள்ள லூசியானா சேவியர் கத்தோலிக்க நிறுவனமே ஆனாலும் இயேசு சபையைச் சார்ந்ததன்று. நோத்ர டேம், வில்லனோவா, டிபால் ஆகியவையும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள்தாம், ஆனால் வேறு வேறு துறவற சபைகளின் மரபில் வந்தவை. அங்கே இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரைப் பற்றி எழுதினால், படிக்காமல் எழுதியவர் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மேரிலாந்துக்கு எழுதிய கடிதத்தில் சிகாகோ ஏரிக்கரையைப் புகழ்வதும் அதே வகைதான்.

விடுதிப் பணிகளுக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மே வரை வரும். ஆகஸ்டில் மாணவ உதவியாளர் பயிற்சி தொடங்குவதற்கு முன் புதியவர் குடியேறிவிட வேண்டும் என்பதே காரணம். மற்ற அலுவலகங்களுக்கு இப்படி ஒரு பருவம் கிடையாது. ஒருவர் விலகும்போது இடம் காலியாகும், அவ்வளவுதான்.

5. எழுதத் தொடங்கும் முன் மூன்று ஆவணங்களைப் படியுங்கள்

முதலாவது நோக்க அறிக்கை. இது சிறியது; ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றும். இரண்டு மூன்று இயேசு சபை நிறுவனங்களின் அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், எல்லோருக்கும் பொதுவான சொற்கள் எவை, இந்தப் பல்கலைக்கழகத்துக்கே உரிய அழுத்தம் எது என்பது புலப்படும். அந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாணவர் கையேடு. விருந்தினர் விதி, மது விதி, மன்ற அங்கீகார விதி, கருத்தடைச் சாதனங்களை வளாகத்தில் விநியோகிப்பது பற்றிய நிலைப்பாடு ஆகியவற்றை அதில் தேடுங்கள். கத்தோலிக்கப் போதனையும் மாணவரின் அன்றாட வாழ்வும் உரசிக்கொள்ளும் இடங்கள் இவை. நீங்கள் நடைமுறைப்படுத்தப் போகும் விதிகளும் இவையே. இயேசு சபை நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று முன்முடிவு செய்ய வேண்டாம். எல்ஜிபிடிக்யூ மாணவர்களுக்கான வள மையத்தை 2008-இல் திறந்தது ஜார்ஜ்டவுன் என்னும் இயேசு சபைப் பல்கலைக்கழகம்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் விதியோடு உங்கள் மனச்சாட்சி ஒத்துப்போகாது என்றால், அது பணியில் சேர்ந்தபின் அன்றி இப்போதே தெரிவது இரு தரப்புக்கும் நல்லது.

மூன்றாவது, பெரும்பாலோர் கவனிக்காத ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை. 1990-ஆம் ஆண்டின் கிளெரி சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் 1-க்குள் இதை வெளியிட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்ற விவரங்களும், மது தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைகளின் எண்ணிக்கையும், விடுதிக்குள் நடந்தவை தனியாகவும் அதில் இருக்கும். நோக்க அறிக்கை அந்தப் பல்கலைக்கழகம் எப்படி இருக்க விரும்புகிறது என்பதைச் சொல்லும். வார இறுதி இரவுகள் எப்படிக் கழிகின்றன என்பதை அறிய இந்த அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். எண்ணிக்கை அதிகம் என்பதற்காக வளாகம் மோசம் என்று பொருள் கொள்ளாதீர்கள். விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும் இடத்தில் பதிவுகள் கூடுவதும் இயல்பு.

6. விண்ணப்பக் கடிதம்

இதுதான் நேரம் செலவிட வேண்டிய படி. இயேசு சபைப் பல்கலைக்கழகங்கள் பல, தங்கள் நோக்கத்தை நீங்கள் எப்படி முன்னெடுப்பீர்கள் என்று கடிதத்திலேயே எழுதும்படி விளம்பரத்தில் கேட்கின்றன. சில தனி அறிக்கையாகக் கேட்கின்றன. இந்த வரியைக் கவனியாமல் பொதுக் கடிதம் அனுப்புவோர் ஒரு பக்கம். அதைப் பார்த்ததும் பக்தியைப் பொழிந்துவிடுவோர் மறுபக்கம். இரு தரப்பினரும் ஒரே குவியலில்தான் போய்ச் சேர்கிறார்கள்.

நீங்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பாலான மாணவர் நலப் பதவிகளுக்குத் தேவையில்லை. சமயப் பணியில் சில பதவிகளுக்கு மட்டும் அது நிபந்தனையாக இருக்கும். அப்போது விளம்பரமே அதைச் சொல்லும். ஜார்ஜ்டவுன் 1999-இல் முழுநேர முஸ்லிம் சமயப் பணியாளரையும் 2016-இல் இந்து சமயப் பணியாளரையும் நியமித்தது. எனவே உங்கள் சமயத்தை மறைக்கவும் வேண்டாம், இல்லாத ஈடுபாட்டைக் காட்டவும் வேண்டாம்.

அடுத்தது சொற்கள். ஒவ்வொரு மாணவரையும் முழு மனிதராகக் கருதிப் பேணுதலைக் குறிக்கும் குரா பெர்சொனாலிஸ், இன்னும் மேலானதை நாடுதலைக் குறிக்கும் மாஜிஸ், 1973-இல் வலென்சியாவில் இயேசு சபையின் அன்றைய தலைவர் பேத்ரோ அருப்பே ஆற்றிய உரையிலிருந்து பரவிய 'பிறருக்காக வாழும் மனிதர்கள்' ஆகிய தொடர்கள் ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் வருகின்றன. அவற்றை எழுதுவது தவறன்று. எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவதுதான் தவறு. வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்:

"குரா பெர்சொனாலிஸ் என்னும் விழுமியம் என்னை ஆழமாகக் கவர்ந்துள்ளது. பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்கும் உங்கள் உயரிய நோக்கத்தில் பங்கேற்க ஆவலாக உள்ளேன்."

இதில் எழுதியவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இதற்குப் பதில் பின்வருவது போன்ற ஒன்றை எண்ணிப் பாருங்கள்:

"எங்கள் விடுதியில் ஒரே மாணவர்மீது இரைச்சல் புகார் மூன்று முறை வந்தது. அடுத்த அறிவிப்பை அனுப்பும் முன் அவரை அழைத்துப் பேசினேன். இரவு வேலை முடிந்து ஒரு மணிக்குத் திரும்பிய பிறகே அவருக்குச் சமைக்க நேரம் கிடைக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. விதியை அவருக்காகத் தளர்த்தவில்லை. பொதுச் சமையலறைக்கு அருகில், யார் உறக்கமும் கெடாத அறைக்கு அவர் மாற ஏற்பாடு செய்தேன். புகார் கொடுத்தவரிடம் அவரே போய்ப் பேசவும் துணை நின்றேன்."

இரண்டாவது பத்தியில் லத்தீன் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தேர்வுக் குழுவில் உள்ள எவரும் அதன் ஓரத்தில் குரா பெர்சொனாலிஸ் என்று தாமே எழுதிக்கொள்வார்கள். விதி நிலைத்தது, மாணவரும் கைவிடப்படவில்லை, புகார் கொடுத்தவரும் மறக்கப்படவில்லை என்ற மூன்றையும் அது ஒருங்கே காட்டுகிறது.

கடிதத்தின் வரிசை: முதல் பத்தியில் எந்தப் பதவி, உங்கள் இன்றைய பொறுப்பு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அடுத்து, விளம்பரத்தில் முதலில் குறிப்பிட்டுள்ள இரண்டு கடமைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையைக் காட்டுங்கள். அந்தக் கடமைகள்தான் பெரும்பாலும் மதிப்பெண் தாளில் மேலே இருக்கும். நோக்கம் பற்றிய பத்தி அதற்குப் பின் வரட்டும். நோக்கத்தை முன்னால் வைத்தால், வேலை தெரியாதவர் அதை மறைக்கிறார் என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். இரண்டு பக்கங்களைத் தாண்ட வேண்டாம்.

மாணவர்களின் கதையைச் சொல்லும்போது அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிடுங்கள். மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974 முதல் நடைமுறையில் உள்ளது. பெயரையும் ஊரையும் நோயையும் கடிதத்தில் அள்ளிக் கொட்டும் ஒருவரிடம் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைக் கொடுக்க எவரும் துணிய மாட்டார்கள்.

7. ரெஸ்யூமேயும் பரிந்துரையாளர்களும்

ரெஸ்யூமேயில் எண்ணிக்கை பேச வேண்டும்: எத்தனை மாணவர் தங்கும் கட்டடம், எத்தனை உதவியாளர்கள், எவ்வளவு பட்ஜெட். "பல நிகழ்ச்சிகளை நடத்தினேன்" என்பது எதையும் தெரிவிப்பதில்லை.

பரிந்துரையாளர் மூவரில் ஒருவராவது உங்கள் வேலையை நேரடியாக மேற்பார்வை செய்தவராக இருக்க வேண்டும். பேராசிரியர் மூவரின் பெயரைத் தருவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. இரவு இரண்டு மணிக்கு நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. விளம்பரத்தையும் உங்கள் கடிதத்தையும் அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

8. காணொளி நேர்காணல்

பொதுவாக அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை நடக்கும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளே கேட்கப்படும், ஆகவே குழுவினர் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றினால் கலங்க வேண்டாம். "ஏன் இயேசு சபைப் பல்கலைக்கழகம்?" என்ற கேள்வி பெரும்பாலும் வரும். இரண்டு நிமிடத்தில், ஒரே நிகழ்வைக் கொண்டு விடை சொல்லுங்கள்; கடிதத்தில் எழுதிய நிகழ்வையே திருப்பிச் சொல்லாமல் வேறொன்றைத் தயாராக வைத்திருங்கள்.

9. வளாக நேர்காணல்

ஒரு முழு நாள் இதற்குப் போகும். மேலதிகாரி, சக இயக்குநர்கள், மாணவ உதவியாளர்கள், வளாகப் பாதுகாப்புத் துறை, சமயப் பணி அலுவலகம் என ஒவ்வொரு குழுவாகச் சந்திப்பீர்கள். இடையில் ஒரு சிற்றுரை, நடுவில் மதிய உணவு. உணவு மேசையும் நேர்காணல்தான். மாணவர்களோடு பேசும் அரை மணி நேரத்தை ஓய்வுபோல் எடுத்துக்கொள்வது பெரும் பிழை. அவர்களின் கருத்துப் படிவமும் குழுவின் மேசைக்கு வருகிறது.

நிலைமைக் கேள்விகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: வெள்ளி இரவு ஒரு மணி, மது அருந்திய மாணவி குளியலறையில் கிடக்கிறார், எழுப்பியும் எழவில்லை என்று உதவியாளர் அழைக்கிறார். புதியவர் உடனே மது விதியைப் பற்றியோ, மாணவியோடு பேசிப் புரியவைப்பதைப் பற்றியோ தொடங்குகிறார். குழு எதிர்பார்ப்பது வரிசையை: முதலில் 911 என்னும் அவசர உதவி எண் அல்லது வளாகப் பாதுகாப்பு, அவரைத் தனியே விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தல், நேரில் விரைதல், பொறுப்பு அதிகாரிக்குத் தகவல், அறிக்கை, மறுநாள் மாணவியோடு உரையாடல். நல்ல விண்ணப்பதாரர் இதோடு நிறுத்தாமல், அழைத்த அந்த உதவியாளரும் பத்தொன்பது வயதுப் பிள்ளைதான் என்பதை நினைவில் கொண்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதையும் சேர்ப்பார்.

இன்னொரு பொறி இரகசியம். மாணவி ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொல்லவருகிறார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று முன்கூட்டியே வேண்டுகிறார் என்றால் என்ன செய்வீர்கள்? இரக்கத்தால் "சொல்ல மாட்டேன்" என்பவர்கள் இங்கே தோற்கிறார்கள். விடுதி இயக்குநர் போன்ற பொறுப்பில் இருப்பவர், பாலினப் பாகுபாடு, பாலியல் வன்முறைப் புகார்களைக் கையாளும் பல்கலைக்கழகத்தின் டைட்டில் நைன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மாணவி பேசத் தொடங்கும் முன்பே அதை மென்மையாகச் சொல்லி, இரகசியம் காக்கக்கூடிய உளவளத் துணையாளரிடம் போகும் வழியையும் காட்டுவதே சரியான விடை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. நோக்க அறிக்கை காரணமாகக் கடந்த ஆண்டு இந்த அலுவலகம் எந்த முடிவை வேறுவிதமாக எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தெளிவான விடை வந்தால் நோக்கம் அங்கே வேலை செய்கிறது என்று கொள்ளலாம். ஆளுக்கு ஆள் முகம் பார்த்தால் அதுவும் ஒரு விடைதான்.

10. பணி ஆணை வந்தபின்

சம்பளத்தை மட்டும் பார்த்து ஒப்பிட வேண்டாம். விடுதிப் பணியில் குடியிருப்பும், பல இடங்களில் உணவுத் திட்டமும் சேர்ந்து வரும். வளாகத்தில் தங்குவது வேலையின் நிபந்தனையாகவும் நிறுவனத்தின் வசதிக்காகவும் இருந்தால் அந்தக் குடியிருப்பின் மதிப்புக்குக் கூட்டாட்சி வருமான வரி இல்லை. துணையும் குழந்தைகளும் உடன் தங்கலாமா, திருமணமாகாத துணைக்கு விதி என்ன, ஓர் ஆண்டில் எத்தனை வாரம் இரவுப் பொறுப்பு வரும், விடுமுறைகளில் குடியிருப்பு திறந்திருக்குமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள்.

கல்விக் கட்டண விலக்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் எப்போதிருந்து தொடங்கும் என்றும் கேளுங்கள். பணியாளரின் பிள்ளைகள் வேறொரு இயேசு சபை நிறுவனத்தில் இளங்கலை படிக்க வழிசெய்யும் ஃபேச்செக்ஸ் என்னும் பரிமாற்றத் திட்டம் உண்டு. எல்லா நிறுவனங்களும் அதில் இல்லை, இடமும் உறுதியில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிக் கல்விக் கடன் உள்ளவர்களுக்கு, இலாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரமாகப் பணியாற்றி 120 தகுதியான மாதத் தவணைகள் செலுத்தியபின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் பொதுச் சேவைத் திட்டமும் பொருந்தும்.

கையெழுத்திட்ட ஆணையும் பின்னணிச் சோதனை முடிவும் கையில் வரும்வரை இப்போதைய வேலையிலிருந்து விலக வேண்டாம். ஓபிடியில் இருப்போர் அனுமதி அட்டையில் உள்ள தொடக்க நாளும் ஆணையில் உள்ள தொடக்க நாளும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன்பின், விண்ணப்பம் நிலுவையில் உள்ள மற்ற பல்கலைக்கழகங்களுக்கு அன்றே எழுதி விலகிக்கொள்ளுங்கள். இந்த 27 நிறுவனங்களின் மாணவர் நலப் பணியாளர்கள் பலர் ஜாஸ்பா கூட்டங்களில் ஒருவரையொருவர் சந்திப்பவர்கள். அடுத்த பதவிக்கு நீங்கள் விண்ணப்பிக்கும்போது அதே முகங்கள் மேசைக்கு எதிரே இருக்கக்கூடும்.